பெட்டியில் கோளாறு இல்லை

ஜனவரி 8, புதன்

என் வீட்டுக்காரர் பூபதிக்கு ஒர்க்ஷாப்பில் வருடா வருடம் ஒரு டைரி கொடுப்பார்கள். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், அவருக்கு எதற்கு டைரி? அது என் தையல் மிஷின் மேல் வந்து உட்கார்ந்து ரவிக்கை அளவுகளால் நிரம்பும். இந்த வருடம் அளவுகளைப் பழைய நோட்டிலேயே எழுதிக்கொள்கிறேன். இதில் நடப்பதை எழுதப் போகிறேன், ஏனென்றால் இன்று ஜெசிந்தா மேடம் போன் செய்தார்.

மேடம் தத்து மையத்தின் சமூகப் பணியாளர். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, எங்களைப் பார்த்து, சமையலறை வரைக்கும் பார்த்து அறிக்கை எழுதியவர். அந்த அறிக்கைக்கு ஆயுள் முடிகிறதாம். பிப்ரவரி நடுவில் மறுபடி வந்து புதிதாக எழுத வேண்டுமாம்.

"வரிசையில மேல வந்துட்டீங்க கோகிலவாணி. ரிப்போர்ட் சரியா இருந்தா இந்த வருஷமே கூப்பிடுவாங்க. வீட்லயோ உடம்புலயோ ஏதாவது மாறியிருக்கா?"

"ஒண்ணும் மாறலைங்க மேடம்" என்றேன்.

ஆகஸ்டில் வந்த காய்ச்சலைச் சொல்ல வேண்டுமா என்ன? காய்ச்சல் எல்லோருக்கும்தான் வருகிறது. நாலிலிருந்து ஆறு வயதுக்குள் பெண் குழந்தை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு முப்பத்தொன்பது, அவருக்கு நாற்பத்து நாலு. இந்த வருடம் இல்லையென்றால் வரிசையில் மறுபடி எங்கே தள்ளுவார்களோ, அதற்குப் பிறகு எனக்குத் தெம்பு இருக்குமா என்பது தெரியவில்லை.

வருகிறவளுக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறேன். வீடியோவில் எல்லாம் குயில்ட் என்கிறார்கள். சதுரம் சதுரமாக வெட்டித் தைத்து, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, மேலே தையல் ஓட்டுவது. மேடம் வரும்போது அது முடிந்து கட்டிலில் விரித்திருக்க வேண்டும்.

இன்று சாம்பாரில் ருசியே இல்லை. பொடி கம்பெனிக்காரன் என்னத்தையோ மாற்றிவிட்டான்.

ஜனவரி 12, ஞாயிறு

திருப்பூர் போய் வெட்டுத் துணி வாங்கி வந்தோம். குவியலில் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். கடைக்காரர் எல்லாமே சுத்தக் காட்டன் என்றார். கடைக்காரர் வேறு எப்படிச் சொல்வார்? நான் பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, மோந்து பார்ப்பேன். காட்டன் என்றால் காகிதம் எரிந்த வாசம். கலப்படம் என்றால் பிளாஸ்டிக் நாற்றம். அரை மணி நேரத்தில் எண்பது துணி பார்த்து முடித்தேன். எல்லாம் காட்டன்தான்.

பூபதி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கேட்டார்.

"எல்லாத்தையும் நல்லா மோந்து பாத்துட்டியா?"

"பத்து வருசம் பாத்த எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 15

குயில்ட்டில் தைப்பதைவிட இஸ்திரி போடுவதுதான் அதிகம். ஒவ்வொரு தையல் முடிந்ததும் பெட்டியை வைத்து மடிப்பை அழுத்த வேண்டும். சட்டைக்கு இழுப்பதுபோல் இழுக்கக் கூடாது, இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும். வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து. ஒரு போர்வைக்கு ஆயிரம் தடவையாவது ஆகும்.

என் பழைய பெட்டி கல்லுக் கனம். மாட்டுப் பொங்கலும் அதுவுமாக அரை நாள் வேலை செய்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆவியும் வராது, தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்த வேண்டும். நீராவிப் பெட்டி ஒன்று வாங்கியே ஆக வேண்டும். நம்பகமானதாக.

ஜனவரி 19, ஞாயிறு

காந்திபுரத்தில் நாச்சிமுத்து அண்ணனின் எலக்ட்ரிக் சாமான் கடையில் நீராவிப் பெட்டி ஒன்று வாங்கினேன். பொம்மைபோல் எடை. வெள்ளைப் பூப்போட்ட சதுரத்தின் மேல் வைத்து ஆவிப் பொத்தானை அழுத்தினேன். பழுப்பு நிறத்தில் தண்ணீரைத் துப்பியது. வெற்றிலை போட்டவன்கூட இடம் பார்த்துத் துப்புவான்.

அந்தக் கறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுக் கலாமணி அக்கா தடதடவென்று இறங்கி வந்தார்.

"ஏனுங்க கோகிலா, என்னமோ தீயற நாத்தம் அங்க வரைக்கும் அடிக்குது."

அடுப்பில் பருப்பு. தண்ணீர் வற்றி அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. சமையலறைக்கும் எனக்கும் நடுவில் எட்டடி இருக்கும். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. மாடியில் இருக்கிறவருக்கு என் அடுப்பு எப்படித் தெரிந்தது என்பதுதான் ஆச்சரியம். போலீசில் சேர்ந்திருக்க வேண்டிய மூக்கு அது.

ஜனவரி 20

பாத்திரம் தேய்த்தே நாள் போனது.

ஜனவரி 24

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். நாச்சிமுத்து அண்ணன், "போர் தண்ணி ஊத்தினீங்களாக்கும்" என்றார். ஊற்றினேன்தான். உப்பு உள்ளே படிந்து பழுப்பாக வருமாம். இனிமேல் சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மனுசருக்கே இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், பெட்டிக்கும் ஒரு சொம்பு எடுத்து வைக்கிறேன். ஆனாலும் எனக்கு அந்தப் பெட்டியே பிடிக்கவில்லை என்று அடம்பிடித்து வேறொன்று வாங்கினேன். கனமும் இல்லை, லேசும் இல்லை. கூர்மூக்கு, பெரிய தொட்டி, ஒயர் நீளம்.

பூபதிக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு முன்னால் எழுந்து அவரே பாலைக் காய்ச்சுகிறார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன். இன்று சமையலறைச் சுவரில், தரைக்கு ஒரு முழம் மேலே, வெள்ளையாக ஒரு டப்பாவைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார். என்ன அது என்றால், "ஒர்க்ஷாப்புல சும்மா கெடந்துச்சு" என்கிறார். சும்மா கிடப்பதையெல்லாம் கொண்டுவந்து மாட்ட என் வீடுதான் கிடைத்ததா?

கலாமணி அக்கா முற்றத்து மல்லிகை ஒரு பந்து கொடுத்தார். இப்போதைய மல்லிகையில் என்ன இருக்கிறது? எல்லாம் ஒட்டுரகம்.

பிப்ரவரி 1, சனி

இரண்டாவது பெட்டியும் ஏமாற்றிவிட்டது. பதினாறு சதுரம் கொண்ட ஒரு பட்டையை அழுத்தினேன். நாலு சதுரம் சுருங்கி, மேலே பளபளவென்று எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிட்டது. பெட்டியின் அடித்தகட்டில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. காட்டன் சூட்டில்தான் வைத்திருந்தேன். சூடு தறிகெட்டு ஏறியிருக்கிறது.

நேரே கடைக்குப் போனேன். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை.

"உங்களை நம்பி வாங்கினா இப்பிடியா அண்ணா பண்ணுவீங்க? புள்ளைக்குத் தெக்கிற துணி இது."

"எத்தனையோ பேருக்கு இதே பெட்டி குடுத்திருக்கறனுங்க. ஒருத்தர்கூட வந்து சொல்லலையே."

"அவங்கெல்லாம் நாகரிகத்துக்கு வாயை மூடிக்கிட்டிருப்பாங்க."

அதே ரகத்தில் புதியது எடுத்துக் கொடுத்தார். மேடம் வர இன்னும் இரண்டு வாரம்.

பிப்ரவரி 5

மூன்றாவதும் அப்படியே. ஐந்து சதுரம் போயிற்று.

இஸ்திரி மேசை முன்னால் உட்கார்ந்து அழுதேன். போர்வைக்காக இவ்வளவு அழுகை வேண்டியதில்லை என்று எனக்கே தெரிகிறது. பூபதி வந்து பார்த்தார். பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒர்க்ஷாப்புல இருந்து சூடு பாக்கற மீட்டர் கொண்டாறேன். அளந்து பாத்துட்டு அப்புறம் அந்த மனுசனைத் திட்டலாம்."

பிப்ரவரி 6, வியாழன்

சாயங்காலம் அளந்தார். பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்து, அதன் சின்ன விளக்கு அணைந்து எரிவதைப் பத்து தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டார்.

"சூடு சரியாத்தான் இருக்குது கோகிலா. பெட்டியில கோளாறு இல்லை."

"அப்பறம் துணி எப்பிடிச் சுருங்குமாம்?"

அவர் சுருங்கிப்போன சதுரத்தில் ஒரு நூலை உருவினார். தீக்குச்சியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் கொளுத்தினேன். அணைத்தேன். மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"என்ன வாசம் வருது?"

"காகித வாசம். காட்டன்தான்."

அவர் முகத்தைச் சுளித்தார். எரிந்த நூலின் நுனியை என் உள்ளங்கையில் வைத்து, "தேச்சுப் பாரு" என்றார். காட்டன் சாம்பல் என்றால் விரலில் மாவாகப் போயிருக்கும். இது கடுகுபோல் உருண்டை கட்டிக் கெட்டியாக இருந்தது.

கலப்படம். கம்பெனியில் முதல் மாதம் சேர்ந்த பெண்ணுக்குக்கூட நாற்றத்தில் தெரிந்துவிடும்.

பூபதி "சரி" என்று மட்டும் சொன்னார். டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஏதாவது கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 7

எனக்கு வாசம் தெரியவில்லை. ஆகஸ்டிலிருந்து.

பிப்ரவரி 8, சனி

எழுதிவிட்டேன், இனிப் பயமில்லை என்று நேற்று நினைத்தேன். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள் காபியில் வெறும் சூடுதான் இருந்தது. சளி என்று நினைத்தேன். சளி போயிற்று, வாசம் வரவில்லை. கற்பூரத்தை மூக்கில் ஒட்டவைத்துப் பார்த்தேன். ஊதுபத்தி, பூண்டு, மண்ணெண்ணெய், ஒன்றும் இல்லை. இன்று வரும் நாளை வரும் என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. டாக்டரிடம் போனால் எழுதித் தருவார். எழுதித் தந்தால் மேடத்திடம் காட்ட வேண்டும். கேஸ் கசிந்தால் தெரியாதவள், பால் கெட்டிருந்தால் தெரியாதவள் கையில் எந்த அதிகாரி குழந்தையைக் கொடுப்பார்?

இன்னொன்றும் இருக்கிறது. என் தங்கை குழந்தையைத் தூக்கினால் நான் முதலில் செய்வது உச்சந்தலையில் மூக்கை வைப்பதுதான். எண்ணெயும் வேர்வையும் கலந்த ஒரு வாசம். எனக்கென்று ஒருத்தி வந்து, அவள் தலையில் நான் மூக்கை வைத்து, அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்தால் எப்படித் தாங்குவேன்? இதை நினைக்கக் கூடாது என்றுதான் பொடி கம்பெனிக்காரனையும் மல்லிகைக் கொடியையும் வைதுகொண்டிருந்தேன்.

காலையில் பூபதி பாலை இறக்கிவைத்தபோது போய்ச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பருந்து?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்து. அலமாரிக்குப் பின்னால எலி செத்துக் கெடந்துச்சு. ரெண்டு நாளு. நீ அதுக்கு முன்னால உக்காந்து பட்டன் வெச்சுட்டு இருந்தே."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. எலியை எடுத்துப் போட்டுவிட்டு, கழுவிவிட்டு, மனுசன் மூன்றரை மாதமாக வாயைத் திறக்கவில்லை. பால் காய்ச்சியது அதற்குத்தான். சுவரில் மாட்டிய டப்பா கேஸ் கசிந்தால் கத்துமாம். விலைக்கு வாங்கியிருக்கிறார், ஒர்க்ஷாப்பில் சும்மா கிடக்கவில்லை.

"ஏனுங்க எங்கிட்டக் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா இல்லைம்பே. அப்பறம் அதையே புடிச்சுட்டு நிப்பே."

பதினைந்து வருடத்தில் என்னைப் பற்றி இந்த அளவுக்காவது தெரிந்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எண்பது துணியையும் மறுபடி கொளுத்திப் பார்த்தேன். இந்தத் தடவை விரலால். மாவானால் இந்தப் பக்கம், உருண்டால் அந்தப் பக்கம். இருபத்தேழு கலப்படம். தைத்த பட்டைகளிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பூபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி முனையால் தையல் பிரித்தார். காயில் கட்டுகிற கை, நூல் அறுபடாமல் வருகிறது.

போர்வை ஒரு வரிசை சின்னதாகிவிடும். பெரியவர்களுக்குப் போதாது, அவளுக்குப் போதும்.

பிப்ரவரி 11

நாச்சிமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். போன தடவை போலவே கடை நிறையக் கூட்டம். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் இதுவும் நாலு பேர் முன்னால்தான்.

"அண்ணா, பெட்டியில ஒரு குத்தமும் இல்லீங்க. துணிதான் கலப்படம். நான்தான் பாக்கத் தெரியாம பேசிட்டேன்."

"நீங்க குடுத்த பெட்டியை அன்னிக்கே தொடச்சு என்ற ஊட்டுக்குக் கொண்டு போயிட்டனுங்க. நல்லாத்தான் தேய்க்குது" என்றார். "அப்பவே நினைச்சேன். ஆனா உங்ககிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரோணுமில்ல."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு எந்தப் பெட்டி வேண்டும் என்று இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சொன்னேன். கையில் பிடித்துப் பார்த்துக் கனம் தேர்ந்தெடுத்தேன். ஆவி ஆளைத் தூக்க வேண்டியதில்லை, அதிக ஆவியில் சதுரம் நீண்டுவிடுகிறது. மடிப்புக்குள் போகக் கூர்மூக்கு வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட, கவிழ்த்து வைத்துவிட்டு மறந்தால் அரை நிமிடத்தில் தானாக அணைய வேண்டும், அணையும்போது சத்தம் போட வேண்டும். குயில்ட் தைக்கிறவர்களுக்கு இந்தத் தானாக அணைவது பிடிக்காது. நூல் வெட்டிவிட்டு வருவதற்குள் ஆறிப்போய் மறுபடி காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்துகொள்கிறேன்.

கையில் இருந்த மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, கூடப் போட்டு இதை வாங்கினேன். வீட்டில் வேண்டுமென்றே கவிழ்த்து வைத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டில் கத்தியது. பூபதி ஏதோ விருந்தாளி வந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டார்.

பிப்ரவரி 13

மேடத்திடம் சொல்வதா வேண்டாமா? பூபதியைக் கேட்டால், "நான் சொல்ல மாட்டேன். நீ சொன்னா கூட இருப்பேன்" என்கிறார். இது ஒரு பதிலா?

பிப்ரவரி 14

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு குழந்தைக்காக ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருப்பது அப்படியொன்றும் பெரிய பாவமில்லை. அவள் வந்த பிறகு டாக்டரிடம் போய்க்கொள்ளலாம்.

பிப்ரவரி 15, சனி

மேடம் பதினொரு மணிக்கு வந்தார். போன தடவையைவிட முடி நரைத்திருக்கிறது. அறைகளைப் பார்த்தார், பாத்ரூமைப் பார்த்தார். நாங்கள் சண்டை போட்டால் யார் முதலில் பேசுவது என்று கேட்டார். ஒரே நேரத்தில் நான் 'இவர்' என்றேன், பூபதி 'நான்' என்றார். பிறகு இஸ்திரி மேசைக்கு வந்தார். போர்வை அங்கேதான் பாதி விரித்துக் கிடந்தது.

"இது யாருக்கு?"

"வரப்போறவளுக்குங்க."

ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். "இது என்ன பெட்டி? எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாத் துப்பி வைக்குது."

இதைக் கேட்டால் நான் விடுவேனா? போர் தண்ணீரில் ஆரம்பித்தேன். கனம், மூக்கு, ஆவி, தொட்டி, ஒயர். பத்து நிமிடம் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்துவைத்து, தானாக அணைவதைக் காட்டினேன். கத்தியது.

"நல்லாருக்கு. ஆனா இதுக்கெல்லாமா கூடக் காசு கொடுப்பாங்க? துணி தீஞ்சா வாசம் வந்துருமே" என்றார் மேடம்.

ஆமாங்க என்றிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பூபதி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே கிடையாது, சுவர்தான்.

"எனக்கு வராதுங்க மேடம்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எலி வரைக்கும் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"போன்ல கேட்டப்ப ஒண்ணும் மாறலைன்னீங்க."

"பயந்துட்டனுங்க."

"கேஸ் லீக் ஆனா?"

பூபதி டப்பாவைக் காட்டினார். சிகரெட் லைட்டரை அதன் பக்கத்தில் பிடித்து, பற்றவைக்காமல் கேஸை மட்டும் விட்டு, கத்தவைத்தும் காட்டினார். பால், தயிர் மூடியில் தேதி எழுதுவதைக் காட்டினேன். தேதி தாண்டி ஒரு நாள்கூட வைத்துக்கொள்வதில்லை, சந்தேகம் வந்தால் மாடிக்குக் கொண்டுபோய்க் கலாமணி அக்காவிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறேன். இந்த வாரம்தான் அவரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"குழந்தை படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டா? வாந்தி எடுத்துட்டா? முதல்ல கொஞ்ச நாள் எல்லாம் இருக்கும்."

"கையை வெச்சுப் பாத்துக்கறனுங்க."

மேடம் நெடுநேரம் எழுதினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"காது மூக்கு டாக்டர்கிட்டக் காட்டிச் சீட்டு வாங்கி அனுப்புங்க. நான் பாத்ததை எழுதுவேன். மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆசை காட்ட மாட்டேன்." வாசலில் நின்றார். "போன தடவை ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிச்ச மாதிரி பதில் சொன்னீங்க. இன்னிக்குத்தான் பேசினீங்க."

பிப்ரவரி 16

கெடுத்துவிட்டேனோ என்று காலையிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் தூங்கினேன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்படித் தூங்கவில்லை.

பிப்ரவரி 19

காது மூக்கு டாக்டர் இளவயசுப் பையன். காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, மூக்குக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் அந்த வாசத்தை நினைத்துக்கொண்டே மோந்து பார்க்க வேண்டும். குழந்தை வளர்க்க இது தடையில்லை, எச்சரிக்கை போதும் என்று சீட்டில் எழுதித் தந்தார். அந்த வரியை ஆட்டோவில் நாலு தடவை படித்தேன்.

மார்ச் 2

எலுமிச்சை: ஒன்றுமில்லை. கிராம்பு: மூக்கு எரிகிறது. எரிவது வாசமில்லையாம்.

மார்ச் 23

போர்வை முடிந்தது. கடைசி ஓரத்தை அழுத்தும்போது பெட்டி ஒரு துளி சிந்தவில்லை. ஒரு சதுரம் மட்டும் கொஞ்சம் கோணல். அது பூபதி தைத்தது, பிரிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 9

ஒன்றுமில்லை. மூக்கிலும் இல்லை, போனிலும் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஐந்து வயது, பெயர் மித்ரா. இரண்டு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார் மேடம். இரண்டு நாள் எதற்கு? பூபதிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம். "சரீன்னு சொல்லு, சரீன்னு சொல்லு" என்று கத்துகிறார். நான் இன்னும் விஷயத்தையே சொல்லவில்லை.

மே 24, சனி

மித்ரா வந்துவிட்டாள்.

மே 27

என்னை மிஸ் என்கிறாள், அவரை சார் என்கிறாள். அவள் இருந்த இல்லத்தில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "மிஸ், தண்ணி குடிக்கலாமா? மிஸ், இங்க உக்காரலாமா?" எதற்கும் அனுமதி கேட்கிறாள். போர்வையை மடித்து மடித்துத் தலைமாட்டில் வைக்கிறாள், போர்த்திக்கொள்வதில்லை. அழுக்காகிவிடுமாம். அழுக்காக்கத்தான் தைத்தேன் என்றேன், நம்பவில்லை.

இரண்டு நாள் படுக்கையை நனைத்தாள். நனைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கையை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். திட்டுவேன் என்று நினைத்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சொந்த ஆளைப் பார்த்தது மாதிரி இருந்தது.

ஜூன் 2

போர்வையில் முதல் கறை. மாம்பழம். அவள் நடுங்கிப்போனாள். நான் பெட்டிக்கு எடுத்து வைத்திருந்த சிறுவாணித் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கறை முழுதும் போகவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று மதியம் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளாக நான் பயந்து தவிர்த்துக்கொண்டே இருந்த இடம் அது, இன்று குனிந்து உச்சந்தலையில் மூக்கை வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை. சூடு இருந்தது, முடி கன்னத்தில் குத்தியது, வாசம் இல்லை. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை, ஆனாலும் வலித்தது.

"மிஸ், என்ன பண்றீங்க?"

"மோந்து பாக்கறேன் கண்ணு."

"என்ன வாசம் வருது?"

பூ வாசம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைக்குத் தெரியவா போகிறது? ஆனால் மேடத்திடமே சொன்னவள் இவளிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"எனக்கு வாசமே தெரியாது. காய்ச்சல் வந்துச்சில்ல, அப்பப் போயிருச்சு."

திரும்பி என் முகத்தை, குறிப்பாக மூக்கை, ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து முட்டி போட்டாள். முதலில் தன் கையை மோந்து பார்த்தாள். "என்மேல சோப்பு வாசம்" என்றாள். பிறகு என் தோளில், கழுத்தில், முடியில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். டாக்டர்கூட அவ்வளவு சிரத்தையாகப் பார்க்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனாள். முகம் கோணியது.

"வெங்காய நாத்தம். அம்மா, போய் கை கழுவிட்டு வாங்க."

என்னை எப்படிக் கூப்பிட்டாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கழுவிவிட்டு வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்க் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.